தகவல்: குடும்பத்தினர்

ரெண்டு நாள் நான் கடலுக்கை நிண்டு சிரிச்சுக் கும்மாளமடிச்சுக்கொண்டிருந்தன். அந்த ரெண்டு நாளும் யாழ்ப்பாணத்திலை, நான் பிறந்த வீட்டு விறாந்தையிலை, என்ரை ஐயாவைக் கிடத்தி வைச்சிருந்தவை. இது என்ரை மனிசனுக்குத் தெரியும். மனிசன்ரை தமையனுக்கும் தமையன்ரை பெண்சாதிக்கும் தெரியும். பதினைஞ்சு வயசு மகளுக்குத் தெரியும். பக்கத்து ட்ரெயிலரிலை இருந்த வெள்ளைக்கார மனிசிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. அவர் பெத்த மகளுக்குத் தெரியாது.

இதை ஆருக்குச் சொன்னாலும் ஒரு பெருமூச்சு விட்டிட்டு, உம்மடை நல்லதுக்குத்தானே மறைச்சவை எண்டுவினம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அதாலைதான் எழுதுறன். எழுதேக்கை இடையிலை ஒருத்தரும் வாய் வைக்கேலாது.

முதல் இந்தக் காம்பிங் கூத்தைச் சொல்லவேணும். மொன்ட்ரியாலிலை ஜூலை கடைசி ரெண்டு கிழமையும் கட்டட வேலைக்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்திலை லீவு. அவையோடை சேர்ந்து பாதிப் பக்டரியளும் பூட்டுப்படும். இவர் வேலை செய்யிற சென்ட் லோரன்ட் மருந்துப் பக்டரியும் அப்பிடித்தான். லீவு விட்ட அண்டே ஊர் முழுக்கக் கார்க் கூரையிலை சாமானைக் கட்டிக்கொண்டு கடலைப் பாத்து வெளிக்கிடும். எங்கடை ஆக்கள் மட்டும் சும்மா இருப்பினமோ? இவற்றை தமையன், நான் பெரியத்தான் எண்டு கூப்பிடுறவர், வேலையிடத்து வெள்ளைக்காரன் ஒருத்தன் சொன்னதைக் கேட்டு நியூ பிரன்ஸ்விக் கடற்கரையிலை ஒரு காம்பிங் இடத்தைப் பிடிச்சார். அண்டையிலையிருந்து வருசா வருசம் அதே இடம், அதே கிழமை. பத்து மணித்தியாலக் கார் ஓட்டம்.

குடும்பம் குடும்பமாய் ஆக்கள் வாற இடம் அது. வரிசை வரிசையாய்க் கூடாரமும் ட்ரெயிலரும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், கரண்டுக்கும் தண்ணிக்கும் ஒரு கம்பம். காலமை ஒன்பது மணிக்கே சின்னனுகள் சைக்கிளிலை புழுதி கிளப்பத் தொடங்கியிடும். வயசு போனதுகள் மடக்குக் கதிரையிலை இருந்து வெய்யில் காயுங்கள். அவையின்ரை மத்தியானச் சாப்பாடு என்ன? ரெண்டு துண்டு பாணுக்கு நடுவிலை ஒரு சொசேஜ். முடிஞ்சுது அலுவல். கழுவிறதுக்கு ஒரு தட்டுக்கூட இல்லை.

எங்கடை பக்கம் வந்து பாக்கவேணும். நாலு குடும்பம், இருபது பேர். காரிலை முதல் ஏறுறது அரிசி மூட்டை. அதுக்குப் பிறகுதான் பிள்ளையள். ரெண்டு ரைஸ் குக்கர், அண்டா மாதிரி ஒரு சட்டி, தேங்காய்ப்பால் ரின், வறுத்திடிச்ச தூள், கருவேப்பிலை, புட்டுக்குழல். அம்மி ஒண்டுதான் வரேல்லை. ரெண்டு குக்கரையும் ஒரே கம்பத்திலை குத்தினால் கரண்ட் நிண்டுபோகும். ஒவ்வொரு வருசமும் முதல் நாள் ரெண்டையும் சேர்த்துத்தான் குத்துவினம், ஒவ்வொரு வருசமும் நிண்டுபோகும், ஒவ்வொரு வருசமும் ஆம்பிளையள் நாலு பேர் கம்பத்தைச் சுத்தி நிண்டு ஆராய்ச்சி நடத்துவினம். பிறகு கடலுக்குப் போயிடுவினம்.

சமையல் நான். நாலு பொம்பிளையள் இருந்தும் நான்தான். ஏனெண்டால் நான் ஒரு கார்டெறியிலை, தாய் தேப்பன் வேலைக்குப் போகேக்கை குழந்தையளை விட்டிட்டுப் போற இடத்திலை, குசினி வேலை செய்யிறனான். வருசம் முழுக்க அறுபது பிள்ளையளுக்குச் சமைக்கிறவவுக்கு இருபது பேர் ஒரு பொருட்டோ எண்டு பெரியத்தான் முதல் வருசமே சொல்லிப்போட்டார். அதோடை அது சட்டமாய்ப்போச்சு. மற்றப் பொம்பிளையள் வெங்காயம் உரிப்பினம், பாவங்கள், கண்ணைத் துடைச்சுத் துடைச்சு. அடுப்பு என்ரை. காலமைப் புட்டு முடிய மத்தியானச் சோறு, சோறு முடியப் பின்னேரத் தேத்தண்ணி, தேத்தண்ணியோடை வடை. கடலிலை குளிச்சிட்டு வாறவைக்குப் பசி எண்டால் சொல்லிவேலையில்லை. ஈரக்காலோடை வந்து சட்டிக்கு மேலாலை எட்டிப் பாத்து, நண்டுக்கு இன்னும் கொஞ்சம் உறைப்புப் போடலாமே எண்டுவினம்.

ஏழு வருசம் நான் அந்தக் கடலுக்கு முன்னாலை நிண்டு சமைச்சிருக்கிறன். ஏழு வருசமும் கடல் என்ரை கணுக்காலுக்கு மேலை வரேல்லை. நான் ஒண்டும் கடற்கரைப் பிள்ளை இல்லை, தோட்டக்காரர் வீட்டுப் பெட்டை, எனக்கு நீந்தவும் தெரியாது. ஆனாலும் ஆசை எண்டு ஒண்டு இருக்குத்தானே. அந்தத் தண்ணியிலை கழுத்து மட்டும் இறங்கி, ஒருத்தருக்கும் ஒண்டும் அவிக்காமல், ஒரு மணித்தியாலம் நிக்கவேணும். இதைச் சொன்னால், நாளைக்கு இறங்குவம் எண்டுவார் இவர்.

போன வருசம் மே மாசம் ஐயா கிணத்தடியிலை விழுந்து இடுப்பு உடைஞ்சு படுக்கையிலை விழுந்தார். தம்பிதான் வைச்சுப் பாத்தவன். நான் ஒவ்வொரு நாளும் வேலையிடத்து இடைவேளையிலை போன் எடுப்பன். எங்கள் ரெண்டு பேருக்கும் கதைக்கப் பெரிசாய் ஒண்டும் இல்லை. இண்டைக்கு அந்தப் பிள்ளையளுக்கு என்ன சமைச்சனி எண்டு கேப்பார். பாஸ்தா எண்டுவன். அது என்ன சாப்பாடு எண்டுவார். விளங்கப்படுத்துவன். அடுத்த நாள் திருப்பி அதே கேள்வி. அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் நான் அந்த ரெண்டு மாசமும் வேலைக்குப் போனன் எண்டும் சொல்லலாம்.

ஜூலையிலை ஐயா சாப்பாட்டைக் குறைச்சிட்டார் எண்டு தம்பி சொன்னான். நான் காம்பிங்குக்கு வரேல்லை எண்டன். பெரியத்தான் நோத்ர-டாம்-த-கிரேஸிலை இருக்கிற எங்கடை வீட்டுக்கு வந்து சோபாவிலை இருந்து, டொக்டர் பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருக்கிறாராம், இஞ்சை இருந்து போன் எடுத்தால் என்ன, அங்கை இருந்து எடுத்தால் என்ன எண்டு ஒரு மணித்தியாலம் அலம்பினார். சரி வாறன் எண்டன். ஆனால் இவரைச் சாமித்தட்டுக்கு முன்னாலை நிப்பாட்டி ஒரு சொல்லு வாங்கினன். ஐயாவுக்கு ஒண்டெண்டால் அந்த நிமிசமே எனக்குச் சொல்லவேணும். நான் சமைச்சுக்கொண்டு நிண்டாலும் சரி, நித்திரையாய்க் கிடந்தாலும் சரி. சுடலைக்கு எடுக்க முதல் அவற்றை முகத்தை ஒருக்கால் பாக்கவேணும். போகேலுமெண்டால் போவன், ஏலாட்டில் வீடியோவிலையாவது பாப்பன். நான் கேட்டது அவ்வளவுதான். இவர் ஓம் எண்டார். விளக்கு எரிஞ்சுகொண்டிருந்தது.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தம். ஞாயிறு வழமைபோலை குக்கர், கம்பம், கரண்ட், ஆராய்ச்சி. திங்கள் காலமை நான் கூடாரத்தாலை வெளியிலை வந்தால் பெரியத்தான் அடுப்படியிலை நிக்கிறார். ஏழு வருசத்திலை தான் சாப்பிட்ட கோப்பையைத் தான் கழுவாத மனிசன் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறார். என்னைக் கண்டதும் கோப்பையை நீட்டினார்.

"பிள்ளை, இண்டையிலையிருந்து நீர் அடுப்படிப் பக்கம் வரப்படாது. போய்க் கடலிலை குளியும்."

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. ஏழு வருசத்துக்குப் பிறகு எண்டாலும் இவைக்குக் கண் திறந்திட்டுது எண்டு நினைச்சன். மண்டைக்கை களிமண் எனக்கு. அவற்றை பெண்சாதி, பெரியக்கா, தன்ரை கறுப்பு நீச்சல் காற்சட்டையையும் நீளக்கைச் சட்டையையும் கொண்டுவந்து தந்து, இதைப் போடும், ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு என்ரை முதுகைத் தடவினா. அந்த மனிசி என்ரை முதுகைத் தடவினது அதுதான் முதல் தரம். அப்பவாவது யோசிச்சிருக்கவேணும்.

என்ரை போனை இவர் சார்ஜ் போடுறன் எண்டு காருக்குக் கொண்டுபோயிட்டார். அங்கை கூடாரப் பக்கம் எங்கடை போனுக்குச் சிக்னல் இல்லை, ஒபிஸ் பக்கம் போனால்தான் வரும். ஐயாவோடை கதைக்கவேணும் எண்டு கேட்டன். தான் இப்பத்தான் தம்பியோடை கதைச்சதாம், ஐயா நித்திரையாம். நித்திரையாம். இந்தச் சொல்லை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.

மகள்தான் என்னைக் கையிலை பிடிச்சுக் கடலுக்கை கூட்டிக்கொண்டு போனவள். அவளுக்கு நல்லாய் நீந்தத் தெரியும். பெரியப்பாதான் ஒவ்வொரு சனியும் அவளைக் காரிலை ஏத்திக்கொண்டு போய் நீச்சல் தடாகத்திலை விட்டு, முடியுமட்டும் வெளியிலை இருந்து, கூட்டிக்கொண்டு வாறவர். முழங்கால் மட்டும், இடுப்பு மட்டும், நெஞ்சு மட்டும். அலை வரேக்கை எப்பிடி எழும்பவேணும் எண்டு சொன்னாள். எழும்பினன். கால் நிலத்தை விட்டிட்டுது. ஐயோ, அந்தச் சுகத்தை நான் எப்பிடிச் சொல்ல? எண்பது கிலோ மனிசி நான், ஒரு இறாத்தல் பாண் மாதிரி மிதந்தன். சிரிச்சுச் சிரிச்சு உப்புத்தண்ணி குடிச்சன். மகளின்ரை கண் சிவந்துபோய்க் கிடந்தது. என்னடி எண்டு கேட்டன். உப்புப் பட்டிட்டுது எண்டாள். ரெண்டு நாளும் அந்தப் பிள்ளை என்ரை கையை விடேல்லை. நான் விழுந்திடுவன் எண்ட பயத்திலை பிடிச்சிருக்கிறாள் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

கரைக்கு வந்தால் சாப்பாடு தயார். பருப்பு, கத்தரிக்காய், கீரை. திங்கள்தானே, விரதக்காரர் இருக்கினம், சரி. செவ்வாயும் அதே பருப்பு. கடலிலை நிண்ட பசி எனக்கு. நண்டு வாங்குவம், நான் காய்ச்சிறன், எனக்கு இப்ப சமைக்கக்கூட ஆசையாயிருக்கு எண்டன். எல்லாரும் ஆளை ஆள் பாத்தவை. பெரியத்தான் மட்டும், கடல் தண்ணி குடிச்ச வயிறு, நண்டு ஒத்துக்கொள்ளாது பிள்ளை எண்டார். நானும் தலையாட்டினன். இப்ப யோசிச்சால் பத்தி எரியுது. ஐயா செத்த துடக்கு எனக்கு இருக்கு, மீன் மச்சம் வாயிலை வைக்கப்படாது எண்டு எவ்வளவு கவனமாய்ப் பாத்திருக்கினம் பாருங்கோ. நான் தெரியாமல் நண்டு திண்டு ஐயாவுக்குப் பாவம் சேர்த்திடுவன் எண்டு பயந்தவை. ஐயா செத்ததைச் சொல்லாமல் விடுறது பாவமாய்த் தெரியேல்லை.

இவருக்கு அந்த ரெண்டு நாளும் ஓயாமல் போன். ஒபிஸ் பக்கம் நடப்பார், வருவார், திருப்பி நடப்பார். ஆரெண்டு கேட்டால் வேலையிடத்திலையிருந்தாம். பக்டரி பூட்டிக் கிடக்கு, மெசின் துணி மூடிக் கிடக்கு, அங்கையிருந்து ஆர் எடுக்கிறது? இதைக்கூட நான் யோசிக்கேல்லை. கடலிலை ஊறின ஆளுக்கு மூளை எங்கை இருக்கும்.

புதன் காலமை. பக்கத்து ட்ரெயிலர்க்காரி, கியூபெக் மனிசி, எழுபது வயசிருக்கும், வருசா வருசம் எங்களுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறவ. நான் அவவுக்கு ரோல்ஸ் குடுப்பன், அவ எனக்கு நீலப்பழம் வைச்சுப் பை எண்ட பலகாரம் சுட்டுத் தருவா. அண்டைக்கும் சூட்டோடை ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சா. கட்டிப்பிடிச்சு, பிரெஞ்சிலை, உங்கடை அப்பாவை நினைக்க எனக்கும் மனவருத்தம், இவ்வளவு தைரியமாய் இருக்கிறியள் எண்டா. கார்டெறியிலை வேலை செய்த பிரெஞ்சு என்ரை, எனக்கு நல்லாய் விளங்கும். எண்டாலும் ஆரோடையோ மாறிக் கதைக்கிறா எண்டு நினைச்சு, என்ரை அப்பா யாழ்ப்பாணத்திலை படுக்கையிலை இருக்கிறார் எண்டு சொன்னன். அவ என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு கையை எடுத்து வாயிலை வைச்சா. திங்கள் காலமை இவர் தன்னட்டைப் போன் வாங்கி இலங்கைக்குக் கதைச்சதாம், அப்பவே தனக்குச் சொன்னதாம்.

அந்த நேரம் இவரும் பெரியத்தானும் குளிக்கிற கொட்டில் பக்கத்தாலை வந்தவை. ரெண்டு பேருக்கும் தலை ஈரம். காலமை எட்டு மணிக்கு, குளிரிலை, தலை முழுகியிருக்கினம். எங்கடை ஆக்கள் எப்ப இப்பிடி முழுகுவினம் எண்டு எனக்குத் தெரியும். செத்தவீட்டாலை வந்தால் முழுகுவினம். ஐயாவை எடுத்தது அங்கை மத்தியானம் ரெண்டு மணிக்கு. இஞ்சை விடியக்காலமை அஞ்சரை. ரெண்டு பேரும் ஒபிஸ் வாசலிலை காருக்கை இருந்து, போனிலை, என்ரை ஐயாவின்ரை செத்தவீட்டை நேரடியாய்ப் பாத்து முடிச்சிட்டு, முறைப்படி முழுகிப்போட்டு வருகினம். நான் கூடாரத்துக்கை நித்திரை.

நான் கத்தேல்லை. அழவும் இல்லை. இவரைப் பாத்து ஒண்டு மட்டும் கேட்டன்.

"எத்தினை மணிக்குத் தெரியும்?"

"திங்கள் காலமை ஆறு மணிக்கு."

பிறகு தொடங்கிச்சுது விளக்கம். ஒபிஸ் பக்கம் போகேக்கை தம்பி போன் எடுத்து, அத்தான், அக்காவுக்குப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ எண்டவனாம். காலமை சொல்லுவம் எண்டு நினைச்சவராம், ஆனால் நான் சாப்பிடேல்லை, சொன்னால் சாப்பிடமாட்டன் எண்டு விட்டவராம். சாப்பிட்டாப்பிறகு சொல்லுவம் எண்டால் நான் கடலிலை சந்தோசமாய் நிண்டனாம். பின்னேரம் சொல்லுவம் எண்டால் அவ்வளவு சனத்துக்கு நடுவிலை நான் குழறினால் என்ன செய்யிறது. அப்ப பெரியத்தான்தான் சொன்னவராம், வீட்டை போய்ச் சொல்லுவம், ரெண்டு நாளாவது நிம்மதியாய் இருக்கட்டும் எண்டு.

அதோடை முடியேல்லை. நான் வாறதெண்டால் வியாழன் மட்டும் ஐயாவை வைச்சிருப்பன் எண்டு தம்பி கேட்டிருக்கிறான். அதுக்குப் பதில் சொன்னது பெரியத்தான். அவவாலை வரேலாதாம், எடுங்கோ எண்டு அவ சொல்லுறா எண்டு, என்ரை வாயாலை நான் சொன்ன மாதிரி, அந்த மனிசன் சொல்லியிருக்கிறார். திங்களே சொல்லியிருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பனோ மாட்டனோ, அது வேறை கதை. பிளேன் கிடைச்சிருக்காமலும் விட்டிருக்கும். ஆனால் போறதோ இல்லையோ எண்டு சொல்லவேண்டியது நான். ஐயா என்ரை ஐயா.

அடுப்பிலை பருப்புச் சட்டி கொதிச்சுக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய சட்டி. ரெண்டு துணியாலை பிடிச்சுத் தூக்கி மண்ணிலை கவிட்டுப்போட்டன். இருபது பேரின்ரை சாப்பாடு. அந்த நாசமாய்ப்போன பருப்பு மண்ணுக்கை இறங்கி ஆவி பறக்க எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் குழறுவன், பிடிச்சு ஆறுதல் சொல்லுவம் எண்டு மூண்டு நாளாய்த் தயாராய் இருந்தவைக்கு இது பழக்கமில்லை. பிறகு காருக்கை ஏறியிருந்து கதவைச் சாத்தினன். ட்ரெயிலர்க்காரி சுட்ட பை அந்த மேசையிலையே கிடந்தது.

மொன்ட்ரியால் வருமட்டும் பத்து மணித்தியாலம், பின் சீற்றிலை இருந்து அந்தச் செத்தவீட்டு வீடியோவைப் பாத்தன். ஒளிப்பதிவுக்காரன் நல்லாய்த்தான் எடுத்திருக்கிறான், ஐயாவின்ரை முகம் தெளிவாய்த் தெரிஞ்சது. வாய்க்கரிசி போடேக்கை, கனடாவிலை இருக்கிற மகளுக்காக எண்டு ஆரோ சொல்ல, தம்பியின்ரை பெண்சாதி என்ரை பங்கை எடுத்துப் போட்டாள். அது நடக்கேக்கை நான் நித்திரை கொண்டது, கடலிலை ஆடின களைப்பிலை. பக்கத்திலை மகள் இருந்து விக்கி விக்கி அழுதாள். எனக்குச் சொல்லக்கூடாதெண்டு அவளிட்டைப் பெரியப்பா சத்தியம் வாங்கினவராம். ஒரு பிள்ளையை அதின்ரை தாயோடை கடலிலை விட்டு, கையைப் பிடி, ஆனால் வாயைத் திறவாதை எண்டு சொல்ல இவைக்கு என்ன மனம் வேணும்?

இணையத்திலை மரண அறிவித்தல் போட்டிருந்தவை. ஐயாவின்ரை படம், பிறந்த ஊர், பிள்ளையளின்ரை பேர், அதிலை என்ரை பேரும், பக்கத்திலை கனடா எண்டு. தொடர்புகளுக்கு எண்ட இடத்திலை இவற்றை போன் நம்பர். அதாலைதான் அந்த ஓயாத போன். மொன்ட்ரியால் தமிழ்ச்சனம் முழுக்க ஒபிஸ் வாசலிலை நிண்ட என்ரை மனிசனுக்கு அனுதாபம் சொல்லியிருக்கு. எல்லாத்துக்கும் கீழை, வழமைபோலை, தகவல்: குடும்பத்தினர் எண்டு இருந்தது. உலகத்துக்கே தகவல் குடுத்த குடும்பம்.

இன்னொண்டும் இருக்கு. செவ்வாய்க்கிழமை நான் அலையிலை வாய் திறந்து சிரிக்கிற படத்தை எங்கடை கூட்டத்துப் பெடியள் ஆரோ எடுத்துப் போட்டிருக்குதுகள், அது ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. தேப்பன் விறாந்தையிலை கிடக்க மகள் கடலிலை கூத்தடிக்கிறாள் எண்டு செத்தவீட்டிலை கதைச்சிருக்கினம். நான் தம்பிக்கு எடுத்து அழுதழுது சொன்னன். அவன் கேட்டிட்டு, சரி அக்கா, விடுங்கோ எண்டான். நம்பினானோ இல்லையோ எனக்கு இண்டைக்கும் தெரியாது. முந்தி மாதிரி அவன் கதைக்கிறேல்லை.

இவரோடை ஒரு வீட்டுக்கை இருக்கிறன், சமைக்கிறன், கதைக்கிறன். வேறை என்ன செய்யிறது. இவர் அழுது மன்னிப்புக் கேட்டவர். பெரியத்தான் கேக்கேல்லை. ஐயாவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு ஒரு பை பழத்தோடை வந்து, உமக்கு இப்ப விளங்காது பிள்ளை, பேந்து விளங்கும் எண்டார். நான் பழத்தை வாங்கேல்லை, தேத்தண்ணியும் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகு பத்து மாசம் அவரோடை ஒரு சொல்லு இல்லை. ஆனால் மகளின்ரை சனிக்கிழமை நீச்சலை மட்டும் விட்டிட்டு இருக்க அவராலை ஏலாது. கீழை வந்து கார்க் கோர்ன் அடிப்பார், மகள் துவாயோடை இறங்கி ஓடுவாள். நான் ஜன்னலாலை பாப்பன். எனக்கு அவரைப் பிடிக்காதெண்டு அவளுக்குப் பிடிக்காமல் போகவேணுமோ? அவளுக்கு உயிர் அந்த மனிசனிலை.

இந்த வருசக் காம்பிங்குக்கு நான் வரேல்லை எண்டு தையிலேயே சொல்லிப்போட்டன். மகளிட்டை வேறை ஒண்டும் சொன்னன். இந்த வீட்டிலை இனி மறைக்கிற வேலை இல்லை, ஆருக்கு என்ன நடந்தாலும் அந்த நிமிசமே உனக்குச் சொல்லுவன் எண்டன். அவள் என்னைக் கட்டிப்பிடிச்சாள்.

போன மாசம், ஜூனிலை, அவளுக்கு அரசாங்கக் கணக்குச் சோதினை. இதிலை தவறினால் நினைச்ச படிப்புக்குப் போகேலாது எண்டு ஒரு மாசமாய் நித்திரை முழிச்ச பிள்ளை. இவர் விடியவே வேலைக்குப் போயிட்டார். அவள் மேசையிலை இருந்து பாணைக் கடிச்சுக்கொண்டு கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ரை போன் அடிச்சது. பெரியக்கா. அழுகைக்குள்ளாலை விசயத்தைப் பிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பெரியத்தான் குளியலறையிலை விழுந்திட்டாராம், நெஞ்சாம், அம்புலன்ஸிலை ஏத்திக்கொண்டு போகினமாம். நான் போனை வைச்சன். ஆரம்மா எண்டு மகள் கேட்டாள்.

"வேலையிடத்திலையிருந்து" எண்டன்.

யோசிச்சுச் சொன்னதில்லை. வாய்க்கை தயாராய் இருந்த மாதிரித் தானாய் வந்தது. சாப்பிட்டு முடி, நேரம் போகுது எண்டு அவளுக்குத் தண்ணிப் போத்தலையும் எடுத்துக் குடுத்து, படிக்கட்டு மட்டும் வந்து வழியனுப்பிப்போட்டு, டாக்சி பிடிச்சு, போற வழியிலை இவருக்கும் போன் எடுத்துச் சொல்லி, ஆசுப்பத்திரிக்கு ஓடினன்.

அவருக்கு நினைவு இருந்தது. என்னைக் கண்டார். கண்டிட்டு எனக்குப் பின்னாலை கதவைப் பாத்தார். முகத்திலை போட்டிருந்த ஒட்சிசன் மூடியைக் கொஞ்சம் இறக்கி, சின்னவள் வரேல்லையோ எண்டு கேட்டார். பத்து மாசத்துக்குப் பிறகு எங்களுக்குள்ளை நடந்த முதல் கதை அதுதான். அவளுக்குச் சோதினை, நான் சொல்லேல்லை, முடிய வருவாள் எண்டன். ஓம், நல்ல வேலை செய்தீர், முடிச்சிட்டு வரட்டும் எண்டார். என்னை மெச்சினார். பிறகும் ரெண்டு தரம் கதவைப் பாத்தார். பத்தேகாலுக்கு உயிர் போயிட்டுது.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலிலை நிண்டன். வாற வழியிலை மூலை டெப்பனர்க் கடையிலை ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வந்தனான். சொன்னாப்பிறகு சாப்பிடமாட்டாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு சிரிச்சபடி வந்தாள், கடைசிக் கணக்கும் சரி வந்ததாம், பெரியப்பாவுக்குச் சொல்லவேணுமாம். முதல் இதைச் சாப்பிடு எண்டு நீட்டினன். ஒரு கடி கடிச்சாள். கடிச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்தாள். அவளுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். மெல்லுறதை நிப்பாட்டினாள்.

ஆரெண்டு கேட்டாள். பெரியப்பா எண்டன்.

"எத்தினை மணிக்குத் தெரியும்?"

ஏழரைக்கு எண்டன்.

அவள் கடிச்ச சாண்ட்விச்சைத் திருப்பி என்ரை கையிலை வைச்சிட்டு, என்னைப் பாராமல், மெத்ரோப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.